இறுக்கிப் பிடித்தவர்கள்

பிப்ரவரி 3

கிரேன் ஆபரேட்டர் அவர்களுக்கு,

'அன்புள்ள' எங்கே என்று தேட வேண்டாம். வேண்டுமென்றேதான் விட்டேன்.

இனி எனக்குப் போன் செய்யாதீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னது கோபத்தில் சொன்னதல்ல. குட்டியோடு தினமும் பேசுங்கள், அவளுக்கு அப்பா வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். போனில் உங்களிடமிருந்து வருவது மூன்றே வார்த்தை: "ம்", "சரி", "அப்புறம்". அதையும் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் காது தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். போன தடவை நான் அழுதபோது பக்கத்துக் கட்டில்காரர், "என்னண்ணே, வீட்ல பிரச்சினையா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

ரயில் ஏறிப் போகிற அந்த ஊர் வேலையின் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. போட்ட பிறகு சொன்னீர்கள், அதுவும் குட்டியிடம். போன விடுமுறையில் வந்தபோது முதுகு வலி என்று ஹாலில் பாய் போட்டுப் படுத்தீர்கள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போனீர்கள். லீவு முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள்.

நான் குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கிறவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரே திட்டுவதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம். யார் உண்மையைச் சொல்கிறார்கள், யார் சுற்றி வளைக்கிறார்கள் என்று குரலை வைத்தே எனக்குத் தெரியும். நீங்கள் சுற்றி வளைக்கிறீர்கள்.

வேறு யாராவது இருந்தால் எழுதிவிடுங்கள். சத்தம் போட மாட்டேன். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா

*

பிப்ரவரி 16

புகாருக்கு,

நான் வைத்த பெயரை இப்போது சொல்லிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் வேறு எப்படித் தொடங்குவது என்று பிடிபடவில்லை.

இங்கே காற்று அதிகம். நேற்று பாதி நாள் கிரேனை நிறுத்தி வைத்தோம். கட்டடம் பதினெட்டாவது மாடிக்கு வந்துவிட்டது. சாப்பாடு பரவாயில்லை.

இதோ, மறுபடி சுற்றி வளைக்கிறேன். இந்தக் கடிதத்தை நாலைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை நிறுத்தாமல் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வேறு யாரும் இல்லை. சத்தியமாக இல்லை.

எனக்கு வலி. முதுகில் இல்லை. கீழே. உட்காரும் இடத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில். கோலிக்குண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பது போல. ஒன்றரை வருடமாக இருக்கிறது. சிறுநீர் கழித்து முடித்தாலும் முடிந்த மாதிரி இருக்காது, பிறகு எரியும். சில நாள் தொடையில் இறங்கும், சில நாள் முன்னால் நுனியில் குத்தும். இதை உனக்கு எழுதுகிறேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை.

உன்னோடு சேர்ந்திருந்தால் மறுநாள் வலி இரண்டு மடங்காகும். போன வருடம் கோடை லீவில் உனக்குத் தெரியாமல் குளியலறையில் வெந்நீர் வாளிக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அடுத்த தடவை ஹாலில் படுத்தேன். ஆசை இல்லாமல் இல்லை. ஆசை வந்துவிடக் கூடாது என்றுதான் எழுந்து எழுந்து போனேன்.

எங்கள் அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்று எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது. எனக்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டரிடம் போனால் உறுதியாகிவிடும். போகாதவரை உறுதி இல்லை. அதுவரைக்கும் இங்கேயே இருந்து சம்பாதித்து அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டேன். இது எவ்வளவு முட்டாள்தனம் என்று எழுதும்போதுதான் தெரிகிறது.

குட்டிக்குத் தெரிய வேண்டாம்.

உன்
கிரேன்காரன்

*

பிப்ரவரி 24

என் கிரேன்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வேறொருத்தி இல்லை என்ற வரியைப் படித்ததும் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அடுத்த பக்கத்தைப் படித்ததும் அந்த அப்பாடாவுக்காக எனக்கே வெட்கமாகிவிட்டது.

நன்றாகத் திட்ட வேண்டும் போல இருக்கிறது. வந்த பிறகு வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வாரியத்தில் எந்தப் புகார் வந்தாலும் முதலில் ஆளை அனுப்பி, எங்கே அடைப்பு, எங்கே கசிவு என்று பார்க்கச் சொல்வோம். ரோட்டில் ஈரம் தெரிகிறது என்பதற்காக ஊரையே காலி செய்யச் சொல்ல மாட்டோம். நீங்கள் பார்க்காமலே காலி செய்துவிட்டீர்கள்.

இந்த வாரமே போகிறீர்கள். அப்பாவுக்கு வந்தது அவருக்கு வந்தது. அவர் போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று நீங்களேதான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். "ம்", "சரி" வேண்டாம். வாய் வரவில்லை என்றால், எனக்கு எழுதினதை இதோடு வைத்து அனுப்புகிறேன், பார்த்துப் படியுங்கள்.

போன் செய்யலாம். ஆனால் இந்த விஷயத்தை எழுதுங்கள். எழுதும்போதுதான் நீங்கள் பேசுகிறீர்கள்.

புகார்

*

மார்ச் 15

புகாருக்கு,

இல்லை. அது இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படி.

இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். முடிவு வருகிறவரை மேலே கேபினில் உட்கார்ந்து எதைத் தூக்குகிறேன், எங்கே வைக்கிறேன் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். மனம் வேறெங்கும் போய்விடக் கூடாதே. டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "அப்பா கேஸ வச்சுப் பாத்தா நீங்க பயந்தது நியாயம்தான். ஆனா உங்களுக்கு அது இல்ல. வருஷா வருஷம் ஒரு தடவ வந்து பாத்துக்குங்க, போதும்," என்றார்.

"அப்ப இந்த வலி என்ன டாக்டர்?" என்றேன்.

பரிசோதனை செய்யும்போது ஓரிடத்தில் அழுத்தியதும் நான் துள்ளியிருந்தேன், வலி அங்கிருந்துதான் என்றார். சுரப்பி இல்லை, தசை. இடுப்பெலும்புக்கு அடியில் தூளி மாதிரி ஒரு தசைத் தளம் இருக்கிறதாம். அது இறுகிப் போய்க் கிடக்கிறதாம். மாத்திரையால் முழுசாகத் தீராது, பிசியோதெரபி செய்துகொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முழங்காலுக்குப் பிசியோதெரபி தெரியும். கழுத்துக்குத் தெரியும். இந்த இடத்துக்கு என்ன செய்வார்கள்? சீட்டில் போட்டிருப்பது ஒரு பெண்ணின் பெயர். நான் போகப் போவதில்லை. பெரிய பயம் போய்விட்டது, சின்ன வலியோடு இருந்துகொள்கிறேன்.

நேற்று வெகு நாளைக்குப் பிறகு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

உன்
கிரேன்காரன்

*

மார்ச் 23

என் கிரேன்காரருக்கு,

'அது இல்லை' என்று படித்ததும் ஒரு காரியம் செய்தேன். அப்போது லைனில் ஒருத்தர் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். "ரொம்ப சந்தோஷம் சார்," என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். விசாரிக்கட்டும்.

பிசியோதெரபிக்குப் போக வெட்கமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். எங்கள் செக்‌ஷனில் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கும் அந்தப் பக்கம் ஏதோ தொந்தரவு. அவருக்கு நர்ஸ் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த பயிற்சி இது: சிறுநீரை அடக்குகிற மாதிரி உள்ளுக்குள் சுருக்கி இழுத்து, பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து விட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. தசைக் கோளாறு என்றால் எல்லாம் ஒரே தசைதானே. மேலே கேபினில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் செய்யுங்கள்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'கிரேன்' என்று சொல்ல வரவில்லை, 'கியேன்' என்கிறாள்.

புகார்

*

ஏப்ரல் 9

புகாருக்கு,

அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டு, இனி யாருக்கும் வைத்தியம் சொல்ல வேண்டாம் என்று சொல்.

விடாமல் செய்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன் என்று உனக்குத் தெரியும். பத்து எண்ணச் சொன்னாய், இருபது எண்ணினேன். ஒரு வாரத்தில் உட்கார முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கி நடுவானில் வைத்திருக்கும்போது கத்தியால் குத்தின மாதிரி ஒரு வலி. கை அசைந்திருந்தால் கம்பி ஆடியிருக்கும், கீழே ஆட்கள். அப்படியே நிறுத்தினேன். கீழே இருந்து சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில், "என்னப்பா, மேல என்ன ஆச்சு? ஏன் நிக்குது?" என்றார். "ஒரு நிமிஷம்ணே," என்று சொல்லி, வலி தணிகிறவரை காத்திருந்து, மெதுவாக இறக்கி வைத்தேன். பிறகு ஏணியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினேன். தரைக்கு வந்து சிக்னல்காரர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் ஸ்கூட்டரில் ஏற்றினார். பின் இருக்கையில் உட்கார முடியாமல் நான் பாதி நின்றுகொண்டே போனதை ரோடே வேடிக்கை பார்த்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு பிசியோதெரபிக்குப் போய்விட்டேன்.

பிசியோதெரபிஸ்டுக்கு என் தங்கை வயது இருக்கும். சுத்தமான சின்ன அறை, ஒரு கட்டில், மேஜையில் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. என்னை அவர் தொடவே இல்லை, ரொம்ப நேரம் கேள்விதான் கேட்டார். வலியைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி.

"காலைல மேல ஏறினா எப்ப இறங்குவீங்க?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு. சில நாள் சாப்பாடும் மேலயே வந்துடும்."

"ஒண்ணுக்கு வந்தா?"

பிளாஸ்டிக் இடுப்பெலும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏறி இறங்கவே அரை மணி ஆகும், அதுவரை கீழே எல்லோரும் சும்மா நிற்க வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் பாட்டில் வைத்திருப்பார்கள். என் கேபின் முழுக்கக் கண்ணாடி. எதிரே ஓர் அலுவலகம், அங்கே ஜன்னலோரம் ஓர் அம்மா எந்நேரமும் டீ குடித்துக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அடக்குவேன். காலையில் தண்ணீரே குடிக்க மாட்டேன். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "காத்து அடிக்குது, கீழ ஆளுங்க நிக்கிறாங்க, கை கவனமா இருக்கணும். அந்த நேரத்துலயும் உடம்பு கீழ எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கும். நீங்க தினமும் கிரேன விட்டு இறங்கி வந்துடுறீங்க. அந்தத் தசை மட்டும் இன்னும் இறங்கல," என்றார்.

இத்தனை நாளில் இது என்ன என்று யாரும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதில்லை.

பிறகு படுக்கச் சொல்லி, வயிற்றில் கை வைத்து மூச்சு விடச் சொன்னார். மூச்சு உள்ளே வரும்போது வயிறு மேலே எழ வேண்டும், கீழே உள்ள தளமும் தானாக இறங்கிக் கொடுக்க வேண்டும். எனக்கு வரவே இல்லை. "இறக்குங்க," என்கிறார், நான் இழுக்கிறேன். "எனக்குப் பிடிக்கத்தாங்க தெரியும், விடத் தெரியல," என்றேன். அப்போதுதான் இறுக்கும் பயிற்சியைச் செய்து வந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏற்கெனவே முறுக்கேறிக் கிடக்குறத மேலும் முறுக்கியிருக்கீங்க. அது தசை தளர்ந்தவங்களுக்கு. யார் சொன்னாங்க?"

"வீட்ல."

"அவங்க தனக்குச் செஞ்சுக்கிட்டத உங்களுக்குச் சொல்லிட்டாங்களோ?"

இல்லை, ஆபீஸில் யாரோ ஓர் அக்கா என்றேன். சரிதானே?

உன்
கிரேன்காரன்

*

ஏப்ரல் 18

என் கிரேன்காரருக்கு,

கம்பிக் கட்டு நடுவானில் நின்ற இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். நல்லது என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அந்த அக்கா நான்தான்.

நீங்கள் அவ்வளவையும் எழுதிவிட்ட பிறகு நான் மட்டும் மறைத்து வைத்திருந்தால் நியாயமாக இருக்காது. குட்டி பிறந்ததிலிருந்து எனக்கு இருமினால், தும்மினால், பலமாகச் சிரித்தால் கொஞ்சம் சிறுநீர் வந்துவிடுகிறது. எப்போதும் துணி மடித்து வைத்திருக்கிறேன். கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் நான் உடுத்துவதில்லையே, ஏன் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு எடுப்பாக இருக்கிறது என்றேன். பள்ளி விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்கான ஓட்டப் பந்தயத்தில் என்னை ஓடச் சொல்லிக் குட்டி கெஞ்சினாள். கால் சுளுக்கு என்றேன். ஜலதோஷம் பிடித்தால் லீவு போட்டுவிடுவேன். ஊருக்கெல்லாம் கசிவுப் புகார் எடுக்கிறவள், என் புகாரை எந்த நம்பரில் பதிவு செய்வது?

பிரசவத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் போகிற போக்கில் அந்தப் பயிற்சியைச் சொன்னார். அதைத்தான் உங்களுக்கு எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஹாலில் போய்ப் படுத்தபோது நான் முதலில் நினைத்தது வேறொருத்தியை இல்லை. என் மேல் வாடை அடிக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வராமல் விலகிப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதை நினைக்கத் தாங்காமல்தான் வேறொருத்தியை உண்டாக்கினேன். அவள் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

நீங்கள் வலியை மறைக்க எழுந்து போயிருக்கிறீர்கள். நான் ஈரத்தை மறைக்க நகர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நல்ல ஜோடி.

நேற்று இங்கே அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்த்தேன். நானும் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தேனாம். மேலே இழுப்பதற்குப் பதில் மூச்சைப் பிடித்துக் கீழே முக்கிக்கொண்டிருந்தேனாம். "இத்தன வருஷம் எங்கம்மா இருந்த?" என்று கேட்டார். என்ன சொல்வது? ஹெட்போனுக்குள் இருந்தேன்.

எனக்கு இறுக்கக் கற்றுத் தருகிறார்கள், உங்களுக்கு விடக் கற்றுத் தருகிறார்கள். சிகிச்சையைத் தயவுசெய்து மாற்றி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புகார்

*

மே 6

என் புகாருக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. உன் மேல் எந்த வாடையும் அடித்ததில்லை. அடித்தாலும் நான் போகிற இடம் ஹால் இல்லை. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொன்னால் 'ம்' என்றுதான் வரும், அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாவது தடவை போனபோது உள்ளே தொட்டுச் செய்வதைப் பற்றி அவர் விளக்கினார். கையுறை போட்ட ஒரு விரல், பின்பக்க வழியாக. "நீங்க சரின்னு சொன்னாதான். நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா கையத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். ஆண் தெரபிஸ்ட் வேணும்னாலும் ஏற்பாடு பண்ணலாம்," என்றார். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றேன்.

வெட்கம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு வெட்கப்பட நேரம் இல்லை. உள்ளே பக்கவாட்டில் ஓரிடத்தை அவர் மெல்ல அழுத்தினார், முன்னால் நுனியில் குத்தியது. ஒன்றரை வருடமாக என்னைப் படுத்திய அதே குத்தல், அச்சு அசல் அதே! "இங்க அமுக்குறீங்க, அங்க வலிக்குது," என்றேன். "அங்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் இங்கேருந்து போறதுதான். அழுத்தம் அப்படியே இருக்கட்டும், நீங்க மூச்சு மட்டும் விடுங்க," என்றார். விட்டேன். கயிற்று முடிச்சு போலக் கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இளகுவது எனக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதா?" என்றார். "இல்லீங்க, விடுது," என்றேன்.

என் தொழிலில் ஒன்று உண்டு. தூக்குவதைப் புது ஆபரேட்டர் கூடத் தூக்கிவிடுவான். இறக்குவதில்தான் கை தெரியும். பொத்தென்று விட முடியாது, பிடித்துக்கொண்டே மெல்ல மெல்ல விட வேண்டும். கீழே தரை தொட்டதும் கயிறு தளரும் பார், அதைத்தான் இப்போது தினமும் காலையிலும் சாயங்காலமும் படுத்துக்கொண்டு பழகுகிறேன். முழங்காலை மடித்து மார்புக்கு இழுத்துக்கொண்டு, குழந்தை மாதிரி. முதல் நாள் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் எல்லோரையும் வெளியே ஓட்டிவிடுகிறார். "அண்ணன் எக்சர்சைஸ் பண்றாரு, நடங்கடா!"

இடையில் ஒரு வாரம் வலி திரும்பி வந்தது. எல்லாம் வீண் என்று சோர்ந்துபோனேன். "ஏத்த இறக்கமாத்தான் வரும், போன தடவ வந்த அளவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை.

வேலை இடத்தைச் சரி செய்யாமல் இதைச் செய்து பயனில்லை என்றும் சொன்னார். அதனால் காலைக் கூட்டத்தில் கை தூக்கினேன். இன்ஜினியர், பாதுகாப்பு அதிகாரி, தொழிலாளிகள் எல்லோரும் நிற்கிறார்கள். "கிரேன் ஆபரேட்டருக்கு நடுவுல இறங்கி ஒண்ணுக்குப் போக நேரம் வேணும். மாத்தாள் போடுங்க," என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்போது இரண்டாவது கிரேன்காரர் கையைத் தூக்கினார். ஊரில் உள்ளவன் எல்லாம் பயப்படுகிற முரட்டு ஆள். "எனக்கும் வேணும்," என்றார். பிறகு மூன்றாவது கிரேன்காரர். சிரிப்பு நின்றுவிட்டது. கம்பிக் கட்டு நடுவானில் நின்ற கதையைச் சிக்னல்காரர் எடுத்துச் சொன்னார். இப்போது காலையிலும் பிற்பகலிலும் மாற்று ஆபரேட்டர் வருகிறார். நான் இறங்கிப் போகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், நிமிர்ந்து நடக்கிறேன். இரண்டாவது கிரேன்காரர் அன்று சாயங்காலமே தனியாக வந்து, "அந்த டாக்டரம்மா நம்பர் குடு," என்றார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் காலையிலிருந்து வலியையே நினைக்கவில்லை என்று உறைத்தது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தேன்.

லீவு கேட்டிருக்கிறேன். ஜூன் முதல் வாரம் வரலாம். வரட்டுமா? வந்தாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எது என்று உனக்குத் தெரியும்.

உன்
கிரேன்காரன்

*

மே 15

என் கிரேன்காரருக்கு,

வரட்டுமா என்று கேட்டு எழுதுகிறீர்களே, இது என்ன அரசு அலுவலகமா?

உங்கள் பயம் எனக்குத் தெரியும். எனக்கும் ஒன்று இருக்கிறது, அதனால் சரிக்குச் சரி. என் தெரபிஸ்டிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். அவசரப்பட வேண்டாம், வலித்தால் நிறுத்திவிடலாம், நிறுத்துவது தோல்வி இல்லை என்று சொன்னார். நிறுத்தினாலும் சரி, ஆரம்பிக்காமலே இருந்தாலும் சரி, பக்கத்தில் படுங்கள். எனக்கு அது போதும். இந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இன்றைக்குக் குட்டியோடு கயிறு தாண்டினேன். கொஞ்ச நேரம்தான். "அம்மா, உனக்குக் கால் சரியாயிடுச்சா?" என்றாள். ஆயிடுச்சு என்றேன். பச்சையில் ஒரு புடவை எடுத்திருக்கிறேன். வெளிர் பச்சை.

ரயிலில் வரும்போது அடிக்கடி எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள். வந்தால் போங்கள். உங்கள் வயது ஆளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

புகார்

*

ஜூன் 14

என் புகாருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பக்கத்துக் கட்டில்காரர் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையைப் பற்றி எழுத வேண்டும். ரயிலடியில் சொல்லலாம் என்றிருந்தேன், குட்டி கையை விடவே இல்லை.

உனக்குத் தெரியும், முன்பெல்லாம் நாம் சேர்ந்திருந்தால் எனக்கு வலி உடனே வராது. விடிகிற நேரத்துக்குத்தான் வரும். அதனால் அன்றைக்கு நான் தூங்கவில்லை. அசையாமல் படுத்து, இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். ஜன்னல் வெளுத்தது. பேப்பர் போடுகிறவர் வந்து போனார். வரவில்லை. உன்னை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இதற்கா எழுப்பினீர்கள் என்று திட்டுவாயே என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் வரை வரவில்லை. ரயிலிலும் வரவில்லை.

அடுத்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், அது எனக்குத் தெரியும். வந்தால் என்ன செய்வது என்பதும் இப்போது தெரியும். நீட்டித்த ஒப்பந்தம் வருகிற மார்ச்சில் முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டேன். இதைக் குட்டியிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்கிறேன்.

உன்
கிரேன்காரன்

*

ஜூன் 21

அன்புள்ள என் கிரேன்காரருக்கு,

இதையெல்லாமா எழுதித் தபாலில் போடுவீர்கள்? குட்டி உறையைப் பிரிக்கப் போனாள். நல்ல வேளை, அவளுக்குக் கூட்டெழுத்து இன்னும் சரியாகப் படிக்க வராது.

மார்ச் மாதத்துக்கு நான் இன்றிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

மற்றபடி உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. விடிய விடிய விழித்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் இருந்திருப்பீர்கள். பிறகு மல்லாந்து, வாயைத் திறந்து, கட்டில் அதிரக் குறட்டை விட்டீர்கள். பேப்பர்காரர் வந்த சத்தத்தில்தான் விழித்தீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், தூங்காமல் கிடந்தது நான். நீங்கள் எழுந்து வெந்நீர் வைக்கப் போகிறீர்களா என்று கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். நீங்கள் ஒவ்வொரு முறை புரளும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குறட்டைச் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இத்தனை வருடமாக அந்தச் சத்தத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். அன்று இன்னும் கொஞ்சம் சத்தமாக விடுங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களை எழுப்பிவிடக் கூடாதே என்று நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உங்கள்
புகார்